ஆவடியில் இருந்தே ரஷ்யன் கத்துக்கலாமா? தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு கைடு

ஆவடிக்கும் ரஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அந்த ஊர்க்காரங்க கையை நீட்டிக் காட்டுவது ஹெச்.வி.எஃப். தொழிற்சாலையைத்தான். அங்கே தயாரான டி-72, டி-90 டாங்கிகள் ரெண்டுமே மாஸ்கோ வழியா வந்த வடிவமைப்பு. டி-90 ஒப்பந்தம் 2001-ல் கையெழுத்தானது. ஆவடியில் தயாரான முதல் 10 டாங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2009 ஆகஸ்ட்டில். அந்தத் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு, தொழில்நுட்ப ஆவணங்கள் ரஷ்ய மொழியில் வந்திருந்ததும், அதை மொழிபெயர்க்கவே நாள் பிடிச்சதும்.

பக்கத்து அம்பத்தூரும் சளைச்சதில்ல. சோவியத் காலத்துல மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை நம்ம வீடுகளுக்குக் கொண்டுவந்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், அம்பத்தூர் சிட்கோ எஸ்டேட்டில்தான் இருக்கு.

இன்னைக்கு ரஷ்யன் கத்துக்க நினைக்கிறவங்க ரெண்டு மூணு வகை. எம்.பி.பி.எஸ். படிக்கப் போறவங்க, வேலைக்குப் போறவங்க, அங்கே காதலோ கல்யாணமோ அமைஞ்சவங்க. முதல் வகைக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில் இருக்கணும்னு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறை சொல்லுது. சரி, பாடம் ஆங்கிலத்துல நடக்கும். ஆனா வார்டில் படுத்திருக்கும் ரஷ்யப் பாட்டி அந்த விதிமுறையைப் படிச்சிருக்க மாட்டாங்க. 'க்த்யே பலீத்?' (எங்கே வலிக்குது?) என்று கேட்கவும், அவங்க சொல்ற பதில் புரியவும் மொழி வேணும்.

ரெண்டாவது வகைக்கு விஷயம் இன்னும் சீரியஸ். உதவியாளர் வேலைன்னு ஏஜென்ட் பேச்சை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் ரஷ்ய ராணுவத்துல சிக்கிக்கிட்டதும், 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்ததும் நினைவிருக்கும். தங்களுக்குப் படிக்கத் தெரியாத ரஷ்ய மொழிக் காகிதத்துல கையெழுத்துப் போட்டோம்னு அவங்கள்ல சிலர் சொன்னாங்க. அதனால வேலைக்குப் போறவங்க 'வணக்கம்', 'நன்றி'க்கு முன்னாடியே சில வார்த்தைகளை எழுத்தோடு பழகிடுங்க. 'தகவோர்', 'கன்த்ராக்த்' ரெண்டுமே ஒப்பந்தம். 'போத்பிஸ்' கையெழுத்து. 'வயென்னயா ஸ்லூஷ்பா' என்றால் ராணுவ சேவை. இந்தக் கடைசி வார்த்தை காகிதத்துல எங்கே தெரிஞ்சாலும் பேனாவை மூடி வெச்சுடுங்க. போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்ப்பது தப்பில்ல. ஆனா ஒப்பந்தம்னு வந்தா, மொழி தெரிஞ்ச மனுஷர் ஒருத்தர் வரிவரியாப் படிச்சே ஆகணும்.

தமிழ் வழியாப் போனா ஈஸி

ரஷ்யன் கஷ்டம்னு ஏன் சொல்றாங்க? பெரும்பாலான பாடப்புத்தகங்களும் ஆப்களும் ஆங்கிலம் வழியாச் சொல்லித் தர்றதும் ஒரு காரணம். ஆங்கிலத்துல 'இஸ்' இல்லாம வாக்கியமே ஓடாது. ரஷ்யனில் 'எத்தா க்னீகா' அவ்ளோதான். தமிழ்ல 'இது புத்தகம்'. வார்த்தைக்கு வார்த்தை அதே. 'ஒன் வ்ராச்' என்றால் 'அவர் டாக்டர்'.

அடுத்து வேற்றுமை உருபு. ஸ்கூல்ல ஐ, ஆல், கு-ன்னு மனப்பாடம் பண்ணோமே, அதுதான். ரஷ்யனில் ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. 'மஸ்க்வா' என்றால் மாஸ்கோ. 'வ் மஸ்க்வே' மாஸ்கோவில், 'வ் மஸ்க்வூ' மாஸ்கோவுக்கு. ஆவடி, ஆவடியில், ஆவடிக்குன்னு தினமும் சொல்ற வாய்க்கு இது புதுசில்ல. ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவர் தடுக்கி விழுற இடம் இது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'எனக்கு' சமாசாரம். 'எனக்குக் குளிருது' என்பதுக்கு 'ம்ன்யே ஹோலத்னா'. 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்பதுக்கு 'ம்ன்யே ந்ராவித்ஸா'. 'எனக்கு வயசு இருபது' என்றாலும் அதே 'ம்ன்யே'தான் முன்னாடி வரும். எல்லாத்துலயும் நான்காம் வேற்றுமை! 'படிச்சேன்', 'படிச்சுட்டேன்' ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரியும்னா, 'சிதால்', 'ப்ரசிதால்' கிட்டத்தட்ட புரிஞ்ச மாதிரி. நீ, நீங்க என்பதுக்கு அங்கேயும் தனித்தனி வார்த்தை. பெரியவங்களைக் கூப்பிடும்போது பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வாங்க. நம்ம இனிஷியல் மாதிரி, ஆனா வாய்விட்டு.

போனஸா ஒண்ணு: இஞ்சிக்கு ரஷ்யனில் 'இம்பீர்'. ஐரோப்பிய மொழிகள் வழியா ஊர் சுற்றிப் போன இந்தச் சொல்லோட வேர் திராவிட 'இஞ்சி வேர்'தான்னு மொழியியலாளர்கள் பலர் சொல்றாங்க.

எங்கே தடுக்கும்?

33 எழுத்துகள், ஒரு வாரம் போதும். ஆங்கில 'பி' மாதிரி இருக்குறது 'ர்', 'ஹெச்' மாதிரி இருக்குறது 'ன்', 'சி' மாதிரி இருக்குறது 'ஸ்'. முதல் ரெண்டு நாள் கண்ணு ஏமாறும், அப்புறம் பழகிடும். நிஜமான வில்லன் 'போறது'. நமக்கு ஒரே 'போ'. அங்கே நடந்து போனா ஒரு வினைச்சொல், வண்டியில் போனா வேற. ஒரு தடவை போறதுக்கும் தினமும் போய் வர்றதுக்கும் வேற வேற. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயினில் இன்னைக்கு மட்டும் போறீங்களா, தினமும் போறீங்களான்னு யோசிச்சுத்தான் வாயைத் திறக்கணும். மேஜை ஆண்பால், புத்தகம் பெண்பால். இதுக்குத் தமிழ் உதவாது.

பிரைவேட் கிளாஸ் தேவைப்படுறது இங்கேதான். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் சொல்லித்தர ஒதுக்குறது சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். வாரம் ரெண்டு மணி நேரம்னு நீங்க போனா பத்து வருஷம் தாண்டிடும்! ஆனா அது அலுவலக வேலையையே ரஷ்யனில் பார்க்கிற அளவுக்கான கணக்கு. ரஷ்ய மொழித் திறனுக்கான அரசுத் தேர்வான 'தோர்ஃபில்' கேக்குற வார்த்தைகள் ஆரம்ப நிலைக்குச் சுமார் 780, அடுத்ததுக்கு 1,300, ரஷ்ய வழியில் பல்கலைக்கழகத்துல சேரத் தேவையான நிலைக்கு 2,300. வார்த்தைகளை வீட்டுல நீங்களே ஏத்திக்கலாம், தினமும் அரை மணி நேரம் போதும். டியூட்டர் நேரத்தை உங்க வாயைத் திருத்த மட்டும் வெச்சுக்கங்க. காசு கொடுத்து எழுத்து கத்துக்கிட்டு உட்காராதீங்க.

டெமோ கிளாஸ்ல ஒண்ணு கவனிங்க: ஒரு மணி நேரத்துல நீங்க எவ்வளவு பேசினீங்க, அவர் எவ்வளவு பேசினார்? அவரே பேசித் தள்ளினா வேற ஆளைப் பாருங்க. எதுக்காகப் படிக்கிறீங்கன்னு கேட்காம சிலபஸை அனுப்புறவரும் வேண்டாம். ஆரம்பத்துல ரஷ்யாவில் படிச்சுட்டு வந்த தமிழர் கிடைச்சா நல்லது. 'எனக்கு' கதையை அவராலதான் சட்டுன்னு சொல்ல முடியும். மூணு நாலு மாசம் கழிச்சு, உச்சரிப்புக்கு ரஷ்யக்காரர்கிட்ட மாறிக்கங்க.

நேரில்தான் வேணும்னா ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்யன் ஹவுஸில் மொழி வகுப்புகள் உண்டு. ஆவடியிலிருந்து வேலை முடிச்சுட்டு அங்கே போறது சோதனைதான். பூந்தமல்லிக்காரங்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ வழித்தடம் முழுசா ஓடும்போது அதுல ஆழ்வார்ப்பேட்டையும் ஒரு ஸ்டேஷன். மத்தவங்களுக்கு ஆன்லைன்தான் வழி. மாஸ்கோ நம்மைவிட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. நீங்க ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தா, அங்கே டீச்சருக்குச் சாயங்காலம் அஞ்சரை. அவங்க கையிலயும் ஒரு டம்ளர் டீ இருக்கும். அதுக்கு ரஷ்யன்ல 'ச்சாய்'.