பொருள்கள் இருக்கின்றன, வீடு இல்லை

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணி அடிக்கும் நேரம் நெருங்கும்போதெல்லாம் ஒரு கூட்டம் சேரும். பழைய கடிகாரம் ஒன்றின் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலா வந்த குடும்பங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடிகாரத்துக்குள்ளிருந்து ஒரு குட்டி மனிதன் வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விடுவான். "வந்துட்டான், வந்துட்டான்" என்று ஒரு சத்தம் எழும். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். அடுத்து முக்காடு போட்ட ரெபேக்கா சிலை, அப்புறம் சார்மினார், அப்புறம் பிரியாணி. ஹைதராபாத் பார்த்தாச்சு.

இங்கே இருக்கும் 40,000-க்கும் மேற்பட்ட பொருள்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள். சரி, அந்த வீடு எங்கே? வீட்டுச் சாமான் எப்படி நம் எல்லோருடைய சொத்தாக ஆனது? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால், நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நூறு வருடக் கதை வந்துவிடுகிறது.

1853-ல் ஹைதராபாத் கடனில் மூழ்கிக் கிடந்தது. பருத்தி விளையும் பேரார் பகுதியைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த வருடம் கையெழுத்தானது. அப்போது திவானாக இருந்த சிராஜுல் முல்க் சில நாட்களிலேயே இறந்துபோனார். அவருடைய அண்ணன் தம்பி வழியில் வந்த 24 வயது இளைஞர் மீர் துராப் அலி கான் அந்த இடத்துக்கு வந்தார். இவர்தான் முதலாம் சாலார் ஜங். முப்பது வருடம் திவானாக இருந்து வரி வசூலையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்தினார். ஆனாலும் பேரார் அவர் மனதில் முள்ளாகவே இருந்தது. 1876-ல் அவர் இங்கிலாந்து போனபோது அதைத் திரும்பப் பெறவேண்டும் என்ற எண்ணமும் கூடவே போனது. விருந்தும் பட்டமும் கிடைத்தன. பேரார் கிடைக்கவில்லை. அதே பயணத்தில்தான் ரோமில், பென்சோனி என்ற சிற்பி செய்த ரெபேக்கா சிலையை வாங்கினார். சல்லாத்துணி போலத் தெரியும் அந்தப் பளிங்கு முக்காட்டைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு, அது கைகூடாத ஓர் அரசியல் பயணத்தில் வாங்கிய பொருள் என்று தெரிந்தால் சிலை இன்னும் கொஞ்சம் பேசும்.

பேரனான மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், 1912-ல் திவானானார். 1914-ல் பதவியை விட்டு விலகினார். பிறகு கல்யாணமும் செய்துகொள்ளாமல், சாகும்வரை பொருள் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். சீனப் பீங்கான், பாரசீகக் கம்பளம், ஐரோப்பிய ஓவியம், தந்த வேலைப்பாடு, அரபு பாரசீகச் சுவடிகள் என்று எதையும் விடவில்லை. ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் மூவருடைய கையொப்பங்களும் உள்ள ஒரு குர்ஆன் சுவடியும் இந்தச் சேகரிப்பில் இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம்? ஜாகீர். அஜந்தா கிராமமும் கர்நாடகத்தின் கொப்பளமும் இந்தக் குடும்பத்தின் ஜாகீர்களில் இருந்தவை. அங்கே உழுதவன் கட்டிய வரிதான் இங்கே பீங்கானாகவும் பளிங்காகவும் நிற்கிறது. எந்த ஊர்ப் பீங்கான் என்று சொல்லலாம். எந்த ஊர் விவசாயியின் காசு என்று யார் சொல்வது?

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாமின் படை சரணடைந்தது. அதற்கு முன் ரஜாக்கர்கள் கிராமங்களில் செய்த கொடுமைகளும் உண்டு, அதற்குப் பின் முஸ்லிம்கள்மீது நடந்த கொலைகளும் உண்டு. பின்னதை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தவர்கள் குறைத்துக் கணக்கிட்டாலும் 27,000 முதல் 40,000 வரை இருக்கும் என்றது. அந்த அறிக்கையைப் பல பத்தாண்டுகள் அரசு வெளியிடவே இல்லை.

1949 மார்ச்சில் மூன்றாம் சாலார் ஜங் நேரடி வாரிசு இல்லாமல் இறந்தார். அந்த ஆண்டிலேயே ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. சொத்துக்கு உறவினர்கள் பலர் உரிமை கோரினார்கள். பங்கு பிரித்திருந்தால் எல்லாம் ஏலக் கடைகளுக்குப் போயிருக்கும். ஹைதராபாத் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த வெல்லோடி, இதை அருங்காட்சியகமாக்கலாம் என்று நினைத்தார். திருவிதாங்கூர் அரசுக்குச் சித்திராலயம் அமைக்க உதவிய ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை அழைத்து, குவிந்து கிடந்தவற்றை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். 1951 டிசம்பர் 16 அன்று நேரு வந்து திறந்துவைத்தார். அறிக்கை பூட்டிய அலமாரியில் இருக்க, மாளிகையின் கதவு திறந்தது. உறவினர்களோடு சமரசம் முடிய மேலும் சில வருடங்கள் ஆயின. 1961-ல் நாடாளுமன்றச் சட்டம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

அன்று திறந்தது இப்போதைய கட்டடத்தை இல்லை. திவான் தேவ்டி என்ற குடும்ப மாளிகையையே அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். கண்ணாடிகள் பதித்த ஆயினா கானா, சுவரெல்லாம் பீங்கான் பதித்த சீனி கானா எல்லாம் அங்கே இருந்தன. 1968-ல் மூசி ஆற்றங்கரையில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் பொருள்கள் போயின. காலியான மாளிகை கொஞ்சம் கொஞ்சமாக இடிபட்டு, கடைவீதியாகிவிட்டது. வாயில் வளைவுதான் மிச்சம்.

பொருளைக் காப்பாற்றி வீட்டைக் கைவிடும் இந்தப் பழக்கம் அத்தோடு முடியவில்லை. 2019-ல் புதிய சட்டமன்றம் கட்டுவதற்காக இர்ரம் மன்ஸில் அரண்மனையை இடிக்க அரசு முடிவெடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபக்கம் நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. சௌமஹல்லா அரண்மனையைச் செப்பனிட்டு, அந்த இடத்திலேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். புரானி ஹவேலியில் ஆறாம் நிஜாமின் நீண்ட உடை அலமாரி, அது கட்டப்பட்ட அதே கட்டடத்தில் நிற்கிறது. அலமாரியையும் அறையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு மனிதர் எவ்வளவு உடை வைத்திருந்தார், அதைப் பராமரிக்க எத்தனை பேர் ஓடியிருப்பார்கள் என்பது உறைக்கிறது.

ஹைதராபாத் போகிறவர்கள் சாலார் ஜங்கை முடித்துவிட்டு உடனே ஆட்டோ பிடிக்கவேண்டாம். திவான் தேவ்டி எங்கே என்று விசாரித்தால் கடைக்காரர்கள் வழி சொல்வார்கள், நடந்துபோகிற தூரம்தான். வளைவுக்கு மேலே பார்த்தால் பழைய சுண்ணாம்பு வேலை தெரியும். கீழே துணிக்கடையும் வண்டிகளும் நெரிசலும். ஊர் அந்த வாயிலை இன்னும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது.