பேரோ தீவின் இரண்டு நிபந்தனைகள்: கார்கன் எரிவாயு ஆலை உருவான வரலாறு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது பேரோ தீவு. பரப்பு சுமார் 234 சதுர கி.மீ. கடல் மட்டம் உயர்ந்து இத்தீவு பெருநிலத்திலிருந்து பிரிந்து சுமார் 8,000 ஆண்டுகள் ஆகின்றன. நரியும் பூனையும் இங்கே காலூன்றவில்லை. அதனால், பெருநிலத்தில் அழிந்தோ அருகியோ போன பூடி, பொன்னிறப் பாண்டிகூட், முயல் வல்லபி முதலிய பைப்பாலூட்டிகள் இங்கு பிழைத்துக் கிடந்தன. தட்டையோட்டுக் கடலாமைகள் கிழக்குக் கரையில் முட்டையிடுகின்றன. 1910இல் இத்தீவு 'ஏ' வகுப்பு இயற்கைக் காப்பகமானது. மேற்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு நிலத்துக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பாதுகாப்பு அதுதான்.

இந்தக் காப்பகத்தில்தான் இன்று ஆண்டுக்கு 1.56 கோடி டன் திரவ இயற்கை எரிவாயு தயாரிக்கும் திறனுள்ள கார்கன் ஆலை இயங்குகிறது. அனுமதியோடு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் இரண்டு முதன்மையானவை. வெளியிலிருந்து எந்த உயிரும் தீவுக்குள் புகக்கூடாது என்பது ஒன்று. எரிவாயுவிலிருந்து பிரியும் கரியமில வாயுவைத் தீவின் அடியிலேயே புதைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது பெருமளவு நிறைவேறியது, இரண்டாவது தவறியது. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை நிபந்தனைகள் எழுதப்பட்ட விதத்திலேயே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழில் இத்தீவுக்குப் புதிதல்ல. வாபெட் நிறுவனம் 1964இல் இங்கே எண்ணெய் கண்டது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. 2025இல் அது நிறுத்தப்படும்வரை 30 கோடிப் பீப்பாய்க்கு மேல் எடுக்கப்பட்டது. இயற்கையியலாளர் ஹாரி பட்லர் நெடுங்காலம் அந்த எண்ணெய் வயலின் சூழல் ஆலோசகராக இருந்தார். எண்ணெய்க் கிணறும் காப்பகமும் சேர்ந்து வாழலாம் என்பதற்குப் பேரோ தீவே சான்றாகக் காட்டப்பட்டது. பின்னாளில் ஆலைக்கு அனுமதி கேட்டவர்களின் கையில் இருந்த வலுவான வாதமும் அதுவே.

கார்கன் வாயுவயல் 1980களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. ஆனால் முதலீட்டு முடிவுக்கு வர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அதற்கு ஒரு காரணம், அந்த வாயுவில் சுமார் 14 விழுக்காடு கரியமில வாயு. இயற்கை எரிவாயுவைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைக்க வேண்டும். அப்போது கன அளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் குளிரில் கரியமில வாயு உறைந்து கட்டியாகிக் குழாய்களை அடைத்துவிடும். ஆகவே அதை முன்னதாகவே பிரித்தாக வேண்டும். வழக்கமாக அது காற்றில்தான் விடப்படும். 2000ஆம் ஆண்டில் ஆழ்கடலில் கண்டறியப்பட்ட யான்ஸ் வயலில் கரியமில வாயு மிகக் குறைவு. இரு வயல்களின் வாயுவையும் ஒரே ஆலையில் சேர்க்கலாம் என்றானதும் திட்டத்துக்கு உயிர் வந்தது.

ஆலையைப் பெருநிலத்தில் கட்டியிருக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. செவ்ரான் தலைமையிலான கூட்டு நிறுவனம் சொன்ன பதிலில் செலவுக் கணக்கு இருந்தது. வயல்களுக்கு அருகில் இருப்பதும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீவின் அடியில் 2 கி.மீ.க்கும் கீழே டுப்யூ என்ற மணற்பாறை அடுக்கு இருக்கிறது, கரியமில வாயுவை அதில் செலுத்திவிடலாம் என்றது. அதாவது, புதைப்புத் திட்டம்தான் தீவைத் தேர்ந்ததற்கு நியாயமாக நின்றது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் இதை ஏற்கவில்லை. 2003இல் கொள்கை அளவிலேயே தீவில் ஆலை கூடாது என்றது. 2006இல் ஆமைகள், கடலடி தோண்டல், அயலுயிர் நுழைவு, நிலத்தடி உயிரினங்கள் ஆகியவற்றைக் காட்டி மீண்டும் மறுத்தது. அரசோ 2003லேயே பேரோ தீவுச் சட்டத்தை இயற்றி, ஆலைக்கு 300 ஹெக்டேர் என்ற வரம்போடு வழி திறந்துவிட்டது. 2007இல் ஒப்புதல் வந்தது. விரிவாக்கிய திட்டத்துக்கு 2009 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. நிபுணர் அமைப்பு இருமுறை மறுத்தது, இரண்டாம் மறுப்புக்கு முன்பே சட்டம் தயாராக இருந்தது என்பதை இந்த வரலாற்றை எழுதுவோர் கடந்து போகக்கூடாது.

அதே ஆகஸ்டில், எக்ஸான்மொபிலின் கார்கன் பங்கிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன்னை 20 ஆண்டுகளுக்கு வாங்க இந்தியாவின் பெட்ரோநெட் ஒப்பந்தம் செய்தது. அந்த எரிவாயுவுக்காகக் குறிக்கப்பட்ட கொச்சி முனையம் நிற்பதும் வைப்பின் தீவில்தான். செப்டம்பர் 14 அன்று இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. அன்றைய மதிப்பீடு 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர். கட்டி முடிப்பதற்குள் 5,400 கோடி அமெரிக்க டாலரைத் தொட்டது.

முதல் நிபந்தனைக்காகக் கட்டுமானக் காலத்தில் செய்த குவாரன்டைன் ஏற்பாட்டை இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டறைகளில் உருவான ராட்சத உலோகத் தொகுதிகள் அங்கேயே கழுவப்பட்டு, சோதிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறையால் இறுக்கிச் சுற்றப்பட்ட பிறகே கப்பலேறின. தீவுக்கு விமானம் ஏறும் தொழிலாளியின் பை, உடை, காலணி எல்லாம் சோதனைக்குள்ளாயின. ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய மண், சட்டையின் வெல்க்ரோ பட்டையில் சிக்கிய புல்விதை என ஒன்றையும் விடாமல் தேடினார்கள். ஒரு விதைக்காக இத்தனை பாடா என்று கேட்பவர்கள், அயல்விலங்குகளால் ஆஸ்திரேலியப் பெருநிலம் இழந்த பாலூட்டிகளின் பட்டியலைப் பார்த்தால் போதும்.

2016 மார்ச் 21 அன்று 'ஏசியா எக்ஸலன்ஸ்' கப்பல் ஜப்பானுக்கு முதல் சரக்கோடு புறப்பட்டது. புரோப்பேன் குளிர்விப்புச் சுற்றில் ஏற்பட்ட கோளாறால் சில நாட்களிலேயே உற்பத்தி நின்றது. ஆலையின் மூன்றாம் திரவமாக்கல் தொடர் 2017 மார்ச்சில்தான் இயங்கத் தொடங்கியது. கரியமில வாயுப் புதைப்பு அதன் பிறகும் தொடங்கவில்லை. கிணறுகளுக்குச் செல்லும் குழாயில் நீர் மிகுந்திருந்தது. நீரோடு சேர்ந்தால் கரியமில வாயு அமிலமாகி எஃகை அரிக்கும். 2019 ஆகஸ்டில் ஒருவழியாகச் செலுத்தத் தொடங்கினார்கள். அடுத்து வேறொரு சிக்கல். டுப்யூ அடுக்கில் வாயு இறங்க வேண்டுமானால் அங்குள்ள நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வெளியேற்றிய நீரைப் பெற வேண்டிய கிணறுகளை மணல் அடைத்தது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை புதைக்க வடிவமைத்த அமைப்பு, 2022-23இல் புதைத்தது சுமார் 17 லட்சம் டன்.

இரு நிபந்தனைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் காரணம் புலப்படும். குவாரன்டைன் நிபந்தனை முன்கூட்டியே நிறைவேற வேண்டியது: சோதனையில் தேறாத பொருள் கரையிறங்காது, இறங்காவிட்டால் வேலை நிற்கும், பணம் போகும். புதைப்பு நிபந்தனையோ, பிரித்தெடுத்த கரியமில வாயுவில் 80 விழுக்காட்டை ஐந்தாண்டுச் சராசரியாகப் புதைக்கக் கோரியது. எரிவாயு விற்பனை அதற்காக ஒருநாளும் நிற்க வேண்டியதில்லை. கணக்கு எந்த நாளிலிருந்து என்பதே சர்ச்சையாகி, 2016 ஜூலை 18 என்று பின்னர்தான் உறுதியானது. அந்த ஐந்தாண்டு முடிவில் பற்றாக்குறை 52.3 லட்சம் டன். அதை ஈடுகட்டச் செவ்ரான் கார்பன் ஈட்டுச் சான்றுகளை வாங்கியது. சந்தையில் வாங்கிய சான்றிதழால் இட்டு நிரப்ப முடியும் என்றால், தீவைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன நியாயம் என்னவாயிற்று? பெருநிலத்தில் கட்டியிருந்தாலும் அதே சான்றுகளை வாங்கியிருக்கலாம்.

புதைத்தது வரையில் அது வீண் அல்ல. ஒரு கோடி டன்னுக்கு மேல் பாறைக்குள் சென்றிருக்கிறது. இந்த அளவில் முயன்ற திட்டங்கள் உலகில் மிகச் சில. ஆனால் அதன் நீண்டகாலப் பொறுப்பு யாருடையது என்பதும் 2009லேயே முடிவாகிவிட்டது. செலுத்துவது நின்று, குறைந்தது 15 ஆண்டுக் கண்காணிப்பும் முடிந்தபின் வெளியார் தொடுக்கும் இழப்பீட்டு வழக்குகளின் சுமையில் 80 விழுக்காட்டை ஆஸ்திரேலிய மத்திய அரசும் 20 விழுக்காட்டை மேற்கு ஆஸ்திரேலிய அரசும் ஏற்கும்.