பினாங்குத் தமிழ்த் திருச்சபைகளில் இளையோரும் மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சபையில் இளையோரை நிலைநிறுத்துவது எவ்வாறு என்னும் வினா பெரும்பாலும் நிகழ்ச்சித் திட்டங்களைப் பற்றியதாகவே எழுப்பப்படுகிறது. பினாங்கு மாநிலத் தமிழ்க் கிறிஸ்தவரைப் பொறுத்தவரை அவ்வினா குடியிருப்போடும் மொழியோடும் பிணைந்த ஒன்றாகும். தாசேக் கெலுகோர் அடங்கிய வட செபராங் பிறையின் தோட்டச் சூழலைப் பின்புலமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை நோக்குகிறது.

தோட்டமும் உபதேசியாரும்

1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்களும் பெருகின. அங்குக் குடியேறிய தமிழருள் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். குருவானவர் எப்போதாவது வந்து செல்லும் தோட்டங்களில் செபத்தை நடத்தியவரும் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தவரும் உபதேசியாரே ஆவார். அண்டை மாநிலமான பேராக்கின் பாகான் செராயில், பிரெஞ்சுக் குருவான ரெனே ஃபே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கெனச் சூசைப்பாளையத்தை உருவாக்கினார். அவர் 1896இல் மலாக்கா ஆயரானார். அங்குக் கோயிலைச் சார்ந்தே ஊர் வளர்ந்தது. வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே மொழி பேசிய இத்தகைய சூழலில் இளையோர் பணி எனத் தனியொரு பணிக்குத் தேவை எழவில்லை எனலாம்.

இயக்கங்களின் வருகை

இளையோருக்கெனத் தனி அமைப்புகள் தொழில்மயமான நகரங்களில் தோன்றின. இலண்டனில் 1844இல் இளைஞர் கிறிஸ்தவ சங்கமும், அமெரிக்க மெதடிஸ்தரிடையே 1889இல் எப்வொர்த் சங்கமும், பெல்ஜியத்தில் 1925இல் குரு ஜோசப் கார்டைன் அமைத்த இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமும் உருவாயின. இவற்றின் பொதுக்கூறு இளையோரிடமே பொறுப்பை ஒப்படைத்தமையாகும். தமிழ்ச் சூழலில் இதற்குச் சிறந்த சான்று வே. சா. அசரியா. இளைஞர் கிறிஸ்தவ சங்கச் செயலாளராகப் பணியாற்றிய அவர், தம் 28ஆம் வயதில், 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்ற முன்னின்றார். இந்தியப் பணம், இந்தியப் பணியாளர் என்பதே அதன் கொள்கை.

மொழியின் திருப்பம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவகுத்தது. இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ் ஒலித்தது. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில் இளையோரின் வாழ்க்கைமொழி மாறத் தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிப் பள்ளிகளாயின, பாயான் லெப்பாஸில் 1972இல் உருவான தடையற்ற வணிக மண்டலமும் பிறை தொழிற்பேட்டையும் தோட்டத்துப் பிள்ளைகளை ஈர்த்தன. கோயில் தமிழுக்குத் திரும்பிய வேளையில் அத்தமிழைப் படிக்க இயலாத தலைமுறை ஒன்றும் வளர்ந்தது.

மெதடிஸ்த அமைப்பில் இம்முரண் தெளிவாகப் புலப்படும். அங்குத் தமிழ் ஆண்டு மாநாடும் ஆங்கிலவழி டிரினிட்டி ஆண்டு மாநாடும் தனித்தனியே இயங்குகின்றன. ஆங்கிலம் வல்ல தமிழ் இளைஞர் சபை மாறினால் அவர் விசுவாசத்தை இழந்தவராகார். எனினும் தமிழ்ச் சபை ஒரு வாசகரையும் ஒரு பாடகரையும் இழக்கிறது.

முடிவுரை

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. பொறுப்பு வழங்கப்பட்ட இடத்தில் இளையோர் முன்வந்துள்ளனர். அப்பொறுப்பைத் தமிழில் ஏற்க வேண்டுமாயின் தமிழ் எழுத்தறிவு முன்நிபந்தனையாகும். ஆகவே, ஞாயிறு பள்ளியில் வாசகத்தைத் தடுமாறிப் படிக்கும் சிறுவனின் இடர்ப்பாடு திருச்சபைக்கு மட்டும் உரியதன்று; தமிழாசிரியர்க்கும் உரியதே.