வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரித் தமிழர் பகுதியின் தெருக் கட்டடக்கலை

புதுச்சேரியின் கட்டட மரபைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருவதில்லை. மஞ்சள் பூசிய மதில், காகிதப்பூ படர்ந்த வாயில், கடற்கரைச் சாலை ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழர் பகுதிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பத்திகள். அவையும் ‘பிரெஞ்சுத் தாக்கம்’ என்ற தலைப்பின் கீழ். இந்த வரிசைமுறை பிழையானது. புதுச்சேரியை மற்றக் குடியேற்றத் துறைமுகங்களிலிருந்து வேறுபடுத்துவது வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தெருக்களே. அங்கே காக்கப்பட வேண்டிய அலகும் தனி வீடு அன்று, வீட்டு வரிசை.

முதலில் நகர அமைப்பு. நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சு ஒழுங்கின் அடையாளமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அக்காலத் திட்டப்படங்களை ஆராய்ந்த ழான் தெலோஷ், கட்டம் கட்டமான தெரு அமைப்பின் வேர் அங்கே இருப்பதைக் காட்டினார். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்கும் அமைப்பில் டச்சுக்காரரின் அளவுகோலும் தமிழ்க் கொத்தரின் கையும் அடங்கியிருக்கின்றன.

கட்டடங்களில் வேறுபாடு இன்னும் தெளிவு. கிழக்கே வீடு தெருவுக்கு முதுகு காட்டுகிறது: உயர்ந்த மதில், உள்ளே தோட்டம், அதற்கப்பால் வீடு. மேற்கே வீடு தெருவிலேயே தொடங்குகிறது. மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக் கூரையோடு தாழ்வாரம். அதன் நிழலில் திண்ணை. பிறகு தலைவாசல், ரேழி, முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு வெயிலும் மழையும் படாத நடை. திண்ணை உட்காருவதற்கும் பேரம் பேசுவதற்கும் ஆன இடம். பக்கத்து வீட்டுத் தாழ்வாரமும் அதே உயரத்தில் தொடரும்போதுதான் இந்த ஏற்பாடு முழுமை பெறுகிறது. நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் நடப்பவர் வெயிலில் இறங்க வேண்டும். மழைநீர் அடுத்த வீட்டுத் தூணின் அடியில் விழும். ஆகவே இதை ஒரு வீட்டின் உறுப்பாக மட்டும் பார்க்க முடியாது. தெருவுக்கே உரிய கட்டுமானம் இது.

மாடி வைத்த வீடுகளில் தரைத்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் இருப்பதைக் ‘கலப்பு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கீழே மரத்தூண்; மேலே சுதைவேலைத் தூண், வளைவுச் சன்னல், கைப்பிடிச் சுவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இதற்கு நல்ல சான்று. 1730களில் எழுந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள் முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. மேல்தளத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய வெண்தூண்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று கரையவில்லை. தளத்துக்கு ஒன்றாகப் பிரிந்தே நிற்கின்றன. உறவும் சடங்கும் நடந்தது கீழே. அந்தஸ்தை வெளியுலகுக்குக் காட்டியது மேல்தளம் என்று இதை வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதை எங்கே ஏற்பது என்று தீர்மானித்தவர் வீட்டுக்காரர். அதைத் தாக்கம் என்று சொன்னால் அவருடைய தேர்வு மறைந்துபோகிறது.

திண்ணையை எல்லோருக்கும் திறந்த பொதுவெளியாகக் கொண்டாடும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, வைசியாள் வீதி என்ற பெயர்களே யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். யார் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. இதை மறைத்துக்கொண்டு மரபைப் பேசுவது அலங்காரப் பேச்சாகவே முடியும்.

அழிவு எப்படி நடக்கிறது? குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்ட மனை பாகப்பிரிவினையில் துண்டாகிறது. வாரிசுகளில் சிலர் பிரான்சில் இருக்கிறார்கள், பழுதுபார்க்க ஆளில்லை. வண்டி நிறுத்தத் திண்ணையை இடிக்கிறார்கள். கடைக்கு ஷட்டர் போடத் தாழ்வாரத்தைக் கழற்றுகிறார்கள். அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஒன்றும் உண்டு. பழைய தளத்தின்மேலேயே தார் போடப் போட, சாலை உயர்ந்துகொண்டே போகிறது. திண்ணைக்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போகின்றன. தூணின் கல்பீடம் புதைந்ததும் மரம் நேரே ஈரத்தைத் தொடுகிறது, அடி இற்றுப்போகிறது. வீட்டுக்காரர் தூணை எடுத்துவிட்டுக் கான்கிரீட் வைக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2014 நவம்பர் மழையில் நகராட்சி மன்றமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே பேசியது; அதே வடிவில் திரும்பக் கட்டியும் ஆயிற்று. ஒரு தாழ்வாரம் விழுந்தால் அது செய்தியாவதில்லை. கட்டடங்களைத் தனித்தனியாக எண்ணித் தரம் பிரிக்கும் பட்டியல் முறை இந்தப் பாகுபாட்டை வலுப்படுத்துகிறது. பட்டியலில் இடம்பெற்ற வீடு பிழைத்தாலும், இடம்பெறாத அண்டை வீடு ஐந்து மாடியாக எழுந்தால் வரிசை போய்விடுகிறது.

மாற்று வழிக்கு முன்மாதிரியும் இங்கேயே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் பொறுப்பில், வைசியாள் வீதியின் ஒரு பகுதி முழு வரிசையாகச் சீரமைக்கப்பட்டது. தாழ்வாரங்களும் திண்ணைகளும் திரும்ப வந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. முகப்போடு வேலை நின்றுவிட்டது என்ற குறை நியாயமானதே; முற்றம் இல்லாத முகப்பு பாதி வீடுதான். ஆனாலும் தெருவை ஒரே அலகாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அந்த வேலை நிரூபித்தது.

எனவே பட்டியலில் வீட்டு எண்ணோடு தெருவின் குறுக்குவெட்டும் ஏற வேண்டும்: சாலைமட்டம், திண்ணை உயரம், தாழ்வாரச் சரிவு என்று அளவுகளோடு. அதைவிட எளிதான ஒன்றை நகராட்சி நாளையே தொடங்கலாம். தமிழர் பகுதியில் புதுத் தார் போடுமுன் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.