நகர மலேரியா

நகர மலேரியா என்பது நகர எல்லைக்குள், மனிதர் சேமித்து வைக்கும் நீரில் பெருகும் கொசுக்களால் பரவும் மலேரியாக் காய்ச்சல் ஆகும். இந்தியாவில் இதனைப் பரப்பும் முதன்மையான கொசு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. மலேரியா பொதுவாகக் காட்டுக்கும் வயலுக்கும் உரிய நோயாகக் கருதப்படுகின்றது. தென்னாசிய நகரங்களுக்கு இக்கருத்து பொருந்தாது.

வாழிடம்

நகரமயமாதலால் எல்லாக் கொசுக்களும் ஒன்றுபோலக் கூடுவதோ குறைவதோ இல்லை. ஓர் ஊரில் எந்த இனம் வாழும் என்பதே மாறுகின்றது. பழனி மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டு போன்ற ஊர்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கும் தெளிந்த ஓடைநீர் அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் இனத்துக்கு ஏற்றது. சமவெளி வாய்க்கால்களும் ஆற்றுமணலில் தேங்கும் குட்டைகளும் அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் இனத்துக்கு ஏற்றவை. வயல்கள் வீட்டுமனைகளாகி, ஓடையில் கழிவுநீர் கலக்கும்போது இவ்விரு இனங்களும் குறைகின்றன. அதே கழிவுநீரில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் பெருகுகின்றது. குடிநீர் நாள்தோறும் வராத ஊர்களில், நீர் பிடித்து வைக்கும் டிரம்களும் சிமெண்டுத் தொட்டிகளும் டெங்கு, சிக்குன்குன்யா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டிக்கு இடமாகின்றன. சரியாக மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டுமானத்துக்காகத் தேக்கிய நீர் ஆகியவற்றில் ஸ்டீபன்சி முட்டையிடுகின்றது. நகர மலேரியாவுக்குச் சாக்கடையே காரணம் என்பது பரவலான, ஆனால் தவறான எண்ணம்.

இந்தியாவில்

பம்பாயில் மலேரியா பற்றி ஆய்ந்த சி. ஏ. பென்ட்லி, 1911-ஆம் ஆண்டு அறிக்கையில் வீட்டுக் கிணறுகளை முதன்மைக் காரணமாகக் காட்டினார். கிணறுகளை மூட முற்பட்டபோது சமய அடிப்படையில் எதிர்ப்பு எழுந்தது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் முறை நகரங்களுக்கு ஒத்துவராததால், கொசுப்புழுக்களை அழிப்பதை மையமாகக் கொண்ட நகர மலேரியாத் திட்டம் 1971-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் பல ஆண்டுகள் சென்னையிலேயே பதிவாயினர்.

வெப்பகாலத்தில் முட்டை முதிர்ந்த கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயே. கிணறுகளில் கம்பூசியா மீன்கள் விடப்படுகின்றன.

புதிய நாடுகளில் பரவல்

2012-இல் ஸ்டீபன்சி ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அங்கு பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் இத்தொகை 73,000-ஐத் தாண்டியது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பின் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் ஸ்டீபன்சியின் புழுக்கள் காணப்பட்டன. பின்னர் யாழ்ப்பாணத்திலும் இக்கொசு பதிவானது. இலங்கையில் மலேரியா மீண்டும் நிலைபெறவில்லை. எனினும் வெளிநாடுகளில் தொற்றுக்கு உள்ளாகித் திரும்புவோரிடமிருந்து நோய் பரவ இக்கொசு வழியாகலாம் என்பதால், வட பகுதிக் கிணறுகள் கண்காணிப்புக்கு உரியவையாயின.