முன்னாள் படைவீரர் நலனில் மரபுவழி மருத்துவம்

ஓய்வுபெற்ற படைவீரர்களை வாட்டும் நோய்களுள் மூட்டுவலி, முதுகுவலி, தூக்கமின்மை, மன உளைச்சல் ஆகியவை நாட்பட்டவை. இவற்றுக்கு நவீன மருத்துவத்தோடு யோகா, ஆயுர்வேதம், சித்தா, யுனானி ஆகியவற்றைத் துணையாகச் சேர்க்கும் முயற்சி படிப்படியாக வளர்ந்துள்ளது.

வட்டாரப் பின்னணி

வேலூர் வட்டாரத்தில் தலைமுறைகளாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். பாலாற்றங்கரைத் தோல் நகரங்களான வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் சித்தாவோடு யுனானியும் மக்களுக்குப் பழக்கமானது.

தொடக்கம்

1921-இல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருத்துவத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ராணுவத்தில் பணியாற்றிய நவீன மருத்துவர். குழுவின் அறிக்கை 1923-இல் வெளிவந்தது. 1925-இல் சென்னையில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளிக்கு அவரே முதல்வரானார். அங்கு ஆயுர்வேதம், சித்தா, யுனானி மூன்றும் கற்பிக்கப்பட்டன.

படைத்துறையில் விரிவாக்கம்

2003 ஏப்ரல் 1 அன்று முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. வேலூர் உட்படப் பல ஊர்களில் இதன் பாலிகிளினிக்குகள் உள்ளன. 2019-இல் தில்லி ராணுவ மருத்துவமனையிலும் சில பாலிகிளினிக்குகளிலும் ஆயுர்வேதப் பிரிவுகள் அமைக்க ஒப்பந்தம் ஏற்பட்டது. 2022-இல் 37 கன்டோன்மென்ட் மருத்துவமனைகளிலும் 12 ராணுவ மருத்துவமனைகளிலும் ஆயுர்வேத மையங்கள் அறிவிக்கப்பட்டன. நீலகிரியின் வெலிங்டன் அந்த 37-இல் ஒன்று.

வெளிநாட்டு அனுபவம்

அமெரிக்காவில் வலிநிவாரணிகளுக்கு முன்னாள் வீரர்கள் அடிமையாவது பெரும் சிக்கலானது. 2016-இல் இதற்கெனச் சட்டம் வந்தது. 2017 முதல் அக்குபங்சர், யோகா, தியானம், மசாஜ் உள்ளிட்ட 8 முறைகள் அவர்களுக்கான மருத்துவத்தில் முறையாக இடம்பெற்றன.

எஞ்சியுள்ள இடைவெளி

கன்டோன்மென்ட் என்பது படை தங்கும் இடம். ஓய்வுபெற்ற வீரரோ சொந்த ஊருக்குத் திரும்புகிறார். 1925-இல் ஒரே கூரையின்கீழ் இருந்த மூன்று முறைகளில், 2022-ஆம் ஆண்டு மையங்களுக்கு ஆயுர்வேதம் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டு வீரருக்குப் பழக்கமான சித்தாவை அவர் பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகளில்தான் தேட வேண்டியுள்ளது. அங்கு தரும் மருந்து பாலிகிளினிக் மருத்துவருக்கோ, இங்கு தரும் மாத்திரை சித்த மருத்துவருக்கோ தானாகத் தெரியவராது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு இது ஆபத்தாகலாம். இரு தரப்பினரிடமும் எல்லா மருந்துகளையும் காட்டுவதே பாதுகாப்பானது.