வாங் பாவ்

வாங் பாவ் (டிசம்பர் 8, 1929 - ஜனவரி 6, 2011) லாவோஸ் அரச படையில் மேஜர் ஜெனரலாக விளங்கிய ஹ்மொங் இனத் தலைவர் ஆவார். வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் ஆதரவுடன் லாவோஸ் மலைப்பகுதிகளில் போரிட்ட கெரில்லாப் படைக்குத் தலைமை தாங்கினார். ஹ்மொங் வழக்கில் குலப்பெயர் முதலில் வரும். எனவே வாங் என்பது குலப்பெயர், பாவ் என்பதே இயற்பெயர்.

இளமை

வடகிழக்கு லாவோசின் சியாங்குவாங் மாகாணத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பதின்ம வயதிலேயே ஜப்பானியருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையினருக்கு உதவினார். பின்னர் பிரெஞ்சுப் படையிலும், நாடு விடுதலை அடைந்தபின் அரச படையிலும் பணியாற்றினார். அரச படையில் ஜெனரல் நிலைக்கு உயர்ந்த முதல் ஹ்மொங் இவரே.

இரகசியப் போர்

1961 சனவரியில் சி.ஐ.ஏ. அதிகாரி பில் லெயர் இவரைச் சந்தித்தார். ஆயுதம் கிடைத்தால் தம் மக்கள் போரிடுவர் என்று வாங் பாவ் ஒப்புக்கொண்டார். 1962 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை லாவோசில் அயல்நாட்டுப் படைகளுக்குத் தடை விதித்தது. வட வியட்நாம் அதனை மீறியது. அமெரிக்காவும் மறைமுகமாக மீறியது. இக்காரணத்தாலேயே இது "இரகசியப் போர்" எனப்படுகிறது. லாங் தியெங் பள்ளத்தாக்கில் அமைந்த விமானத் தளமே வாங் பாவின் தலைமையகம்.

வட வியட்நாமியப் படைகளைத் தடுத்து நிறுத்துவதும், சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகளை மீட்பதும் இப்படையின் முதன்மைப் பணிகள். இழப்புகள் மிகக் கடுமையாக இருந்தன. பல்லாயிரம் ஹ்மொங் மக்கள் மடிந்தனர். வயது வந்தோர் குறைந்தபோது சிறுவர்களும் படையில் சேர்க்கப்பட்டனர். வாங் பாவைப் போற்றுவோரும் மறுக்காத செய்தி இது.

அபினிக் கடத்தலில் இவருக்குத் தொடர்பு உண்டு என்று வரலாற்றாசிரியர் ஆல்பிரட் மெக்காய் 1972 இல் எழுதினார். வாங் பாவுடன் பணியாற்றிய சி.ஐ.ஏ. அதிகாரிகள் பலர் இதனை மறுத்துள்ளனர்.

வெளியேற்றம்

1975 மே மாதம் லாங் தியெங் கைவிடப்பட்டது. வாங் பாவ் மே 14 அன்று விமானத்தில் தாய்லாந்துக்கு வெளியேறினார். சில ஆயிரம் பேருக்கு மட்டுமே விமானத்தில் இடம் கிடைத்தது. ஓடுதளத்தில் காத்திருந்த ஏனையோர் கால்நடையாகவே மேக்கொங் ஆற்றை நோக்கிச் சென்றனர். வழியில் பலர் இறந்தனர்.

அமெரிக்காவில்

முதலில் மொன்டானாவிலும் பின்னர் கலிபோர்னியாவிலும் வாழ்ந்தார். ஏதிலிகளாக வந்த ஹ்மொங் மக்களுக்கு உதவ அமைப்புகளை உருவாக்கினார். லாவோஸ் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 2007 சூனில் கைது செய்யப்பட்டார். ஒரு காலத்தில் அதே எதிரியுடன் போரிட ஆயுதம் அளித்த நாடே இவர்மீது வழக்குத் தொடுத்தது முதிய வீரர்களைப் பெரிதும் வருத்தியது. இவர் மீதான குற்றச்சாட்டுகள் 2009 இல் கைவிடப்பட்டன.

மறைவும் அடக்கமும்

2011 பெப்ரவரியில் பிரெஸ்னோ நகரில் ஆறு நாட்கள் நடந்த இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் கலந்து கொண்டனர். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யும் வேண்டுகோளை அமெரிக்க இராணுவம் ஏற்கவில்லை. உடல் கலிபோர்னியாவின் கிளென்டேலில் அடக்கம் செய்யப்பட்டது. இத்தகைய ஹ்மொங் வீரர்களைத் தேசியக் கல்லறைகளில் அடக்கம் செய்ய வழிவகுக்கும் சட்டம் 2018 இல் நிறைவேறியது. ஆர்லிங்டன் அதில் அடங்கவில்லை.